டிஸ்க்கிடம் கெஞ்சிய நாட்கள்

சர்வர் ரிப்பேர் என்பது, மூடிய பெட்டியின் சத்தத்தைக் கேட்டே ஜாதகம் சொல்லும் தொழில். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததில்லை. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில், காஞ்சிபுரத்தில் நான் பார்த்தவை இவை.

பட்டுத் தூசி

பிள்ளையார்பாளையத்தில் ஜெயந்தி அக்கா, புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுத்துவந்தார். சர்வரில் இருந்த டிசைன்கள் அழிந்துவிட்டன. சிடியில் எடுத்துவைத்திருந்த காப்பியைப் போட்டால், டிரைவ் படிக்கவில்லை. கழற்றிப் பார்த்தேன். லென்ஸ் மேல் பட்டு நூல் தூசி. பஞ்சால் துடைத்து மாட்டியதும், திரையில் மயில் கழுத்து நிற முந்தானைகள் வரிசையாக விரிந்தன. அக்கா மெதுவாகச் சொன்னார்: "கடுகு அளவுகூட இல்லாத கண்ணு, இவ்ளோ பெரிய புடவைய படிச்சிக்கினு இருக்குதே தம்பி."

டேபிள் பேன்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். சர்வர் டிஸ்க் 'டக் டக்' என்று அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். போனால், ரிசப்ஷனில் இருந்த ஸ்டெல்லா, ஓரமாக நின்ற ஆட்டோக்காரர் முருகேசனைக் காட்டினாள். அவர் மனைவிக்குத் தலையில் கட்டி. பழைய ஸ்கேனையும் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன் என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த பிலிம் மழையில் ஊறி ஒட்டிப்போயிருந்தது. மிச்சம் இருந்த ஒரே பிரதி அந்த டிஸ்க்கில்.

டிஸ்க் கொஞ்ச நேரம் ஓடும், சூடானதும் நின்றுவிடும். வெளியே எடுத்து வைத்து டேபிள் பேனைத் திருப்பிவிட்டேன். பேன் ஆடியது. முருகேசன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். படங்கள் ஒவ்வொன்றாக வேறு கம்ப்யூட்டருக்கு ஏறின. அவர் மனைவியின் கடைசிப் படம் ஏறியதும் டிஸ்க் நின்றது. அப்புறம் என்ன செய்தும் சுற்றவேயில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைச் சொல்ல முருகேசன் வந்தபோது, செத்த டிஸ்க் என் பையில் இருந்தது. வாங்கித் தடவிப் பார்த்தார். "மூச்சு இருக்கும்போதே குடுத்துட்டுப் போயிருக்குதுபா."

உள்ளே

அந்த டிஸ்க்கை ஸ்டெல்லா எதிரிலேயே திறந்தேன். நானும் அன்றுதான் முதன்முதலாக ஒரு டிஸ்க்கின் உள்ளே பார்த்தேன். பளபளவென்று வட்டத் தகடு. எத்தனையோ பேருடைய மூளையும் முதுகெலும்பும் அதில்தான் இருந்தன. கண்ணுக்கு ஒரு கோடுகூடத் தெரியவில்லை. ஸ்டெல்லா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "என் மூஞ்சிதான் சார் தெரியுது, அவங்க படமெல்லாம் எங்க இருக்குது?"

அவளுக்கு ஏதோ விளக்கம் சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது எனக்கே புரிந்ததா என்று மட்டும் நீங்கள் கேட்டுவிடாதீர்கள்.