லூர்து அக்காவின் அணுக்கணக்கு நோட்டு

நேற்று விடியற்காலை தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போன அப்பா பாதியிலேயே திரும்பி வந்தார். "லூர்து போயிட்டாளாம். டவுன் ஆஸ்பத்திரிக்கு லோரியில ஏத்திக்கிட்டுப் போறப்பவே..." என்றார். மூன்று நாள் காய்ச்சல்தான். என் பெரியப்பா மகள் லூர்துமேரி அக்காவுக்கு இருபத்து மூன்று வயது.

நாளை அடக்கத்துக்கு முன் மாதா கோயிலில் வாசிக்க, அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி உபதேசியார் சொன்னார். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். துக்க வீட்டிலிருந்து அப்பா எப்போது வருவார் என்று தெரியாது. காலடி கேட்டால் விளக்கை அணைக்கிறேன்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த அக்கா, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலைக்குப் போனார். இந்தியாவில் பொறியியல் படிப்பதற்காக ஈப்போ நகரத்தில் நடக்கும் நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றார். மூன்றாம் முறைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் அணு இயற்பியல் கணக்குப் போடுவோம். பிணைப்பு ஆற்றல் அவருக்கு வராது. நான் போட்டுக் காட்டுவேன். அரை ஆயுள் எனக்கு வராது.

எண்பது கிராம் தனிமம். அரை ஆயுள் மூன்று மணி நேரம். ஒன்பது மணி நேரம் கழித்து மீதி எவ்வளவு? எழுபது என்று எழுதினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியே, மீதி பத்துடி! நீ சிதைஞ்சு போனதை எழுதியிருக்கே. கொழுந்து நிறுக்கிறப்ப கிராணி எவ்ளோ கழிச்சாருன்னே கேட்டு வளந்த புத்தி லா இது!"

உண்மைதான். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா முதலில் சொல்வது, தோட்ட எழுத்தரான கிராணி கழித்த எடையைத்தான்.

இன்னொரு நாள் சொன்னார்: "ஹைட்ரஜன்ல ஆகக் கீழ இருக்கிற எலக்ட்ரான் வெளிய போக 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேணும். மேல இருக்கிறதுக்குக் கொஞ்சம் போதும். நம்ம கீழ இருக்கோம், குட்டி. பயந்தா ஆகாது."

ஆனால் எனக்குப் பயம்தான். "பொட்டப்புள்ளைக்குக் கடல் தாண்டி என்ன படிப்பு?" என்று அப்பா மறுத்துவிட்டார். நான் அழுது கெஞ்சியதால், என் விண்ணப்பத்தில் பாதுகாவலர் இடத்தில் அக்கா கையெழுத்திட்டார். தேர்வுச் சீட்டுகள் அவர் வீட்டுக்கே வந்தன. இரண்டையும் கணக்கு நோட்டின் பின்னட்டை உறைக்குள் ஒளித்து வைத்தார்.

நேற்று மாலை பெரியம்மா அந்த நோட்டைப் பெட்டிக்குள் அக்காவின் கைக்கடியில் வைத்தார். "உசுரா வெச்சிருந்தா. அவகூடவே போகட்டும்." பக்கத்தில் நின்ற அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தூக்கமில்லாம படிச்சுத்தான் ஒடம்பைக் கெடுத்துக்கிட்டா. நீயும் அப்படிப் போவணுமா?" நோட்டை நோக்கி நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். பெட்டியைச் சுற்றி இரவு முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை தேர்வு. சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

இதை நாளை நானே வாசிப்பேன். அப்பா முன் வரிசையில் இருப்பார்.

பெரியம்மா, நோட்டின் பின்னட்டை உறையைப் பிரித்துப் பாருங்கள். அக்காவின் சீட்டு அக்காவிடமே இருக்கட்டும். என் பெயர் போட்டதை எனக்குத் தாருங்கள். அப்பா, கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டது நான்தான். அடிப்பதென்றால் என்னை அடியுங்கள், அக்காவை ஏசாதீர்கள்.

போய் வாருங்கள், அக்கா. உங்கள் விரல்களை மெதுவாகத்தான் விலக்குவோம்.

ஆணி அடிக்க நிற்கும் மாமாமார்களே, ஒரு நிமிடம் பொறுங்கள்.