மூன்று மாதத்துக்கும் சேர்த்து

வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவளைத் தெருவில் யாரும் நிம்மதியாக நடக்க விடமாட்டார்கள். துணி காயப்போடலாமா என்பார் ஒருவர், மாடியில் தளம் போடலாமா என்பார் இன்னொருவர். மழைக்காரம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் பார்ப்பதோ நாளைய மழையே இல்லை. கடலின் சூட்டை வைத்து, வரும் மூன்று மாதத்தில் மொத்தம் எவ்வளவு பெய்யும் என்று கணிப்பதுதான் அவள் வேலை. அதையும் அடித்துச் சொல்ல முடியாது. வழக்கத்தைவிட அதிகம், வழக்கம்போல, குறைவு என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு எண். மழைப் பேறும் பிள்ளைப் பேறும் மகாதேவனுக்கே தெரியாது என்பார்கள். மாதச் சம்பளக்காரிக்கு மட்டும் தெரிந்துவிடுமாக்கும்!

விவசாயம் பார்க்கும் தம்பி பருவத்துக்குப் பருவம் போன் போடுவான். "அக்கா, விதைக்கலாமா?" என்பான். "அறிக்கை வரும், படிச்சுக்கோ" என்று முடித்துவிடுவாள். பதினேழு வருஷமாக இதில் அவள் கறார்.

இந்த வருஷம் 'அதிகம்' என்ற கட்டத்தில் அறுபது வந்தது. அவள் வேலைக்கு வந்த நாளாக அப்படியொரு எண்ணைப் பார்த்ததில்லை. தலைகால் புரியவில்லை. அன்றைக்கென்று பார்த்துத் தம்பி கூப்பிட்டான். இரண்டு வருஷமாக விளைச்சல் இல்லை. வீட்டில் மிஞ்சியிருந்த மக்காச்சோள விதை ஒரு தடவைக்குத்தான் காணும். அதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

"முதல் மழை விழுந்துருக்குக்கா. போடட்டுமா, பொறுக்கட்டுமா? அறிக்கையைச் சொல்லாத. என் அக்காவா சொல்லு."

"போடுடா. இந்தத் தடவை கொட்டும்" என்றாள். சும்மா இருந்ததா அந்தப் பாவி வாய்!

விதை முளைத்தது. அதோடு மழை நின்றது. தினமும் காலையில் எல்லா ஊர் மழைமானிகளின் அளவும் அவள் மேசைக்கு வரும். தம்பி ஊருக்கு நேராகப் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். திரையில் மேகங்கள் கடலைத் தாண்டி வரும், அவன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வடக்கே போய்விடும். அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆறாவது வாரம் அவன் கூப்பிட்டான். "பயிர் முழங்கால் உயரத்துலயே சுருளுதுக்கா. எப்போ வரும்?"

"எப்போன்னு எங்களால சொல்ல முடியாதுடா. மூணு மாசத்துக்கும் சேர்த்துத்தான்..."

"சேர்த்தா?" என்றான். "சரிக்கா. நீ சாப்பிட்டியா?"

அந்தக் கேள்விக்கு அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பருவம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. காய்ந்த தட்டையோடு மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு போனது. மூன்று மாதக் கணக்கைக் கூட்டினால் வழக்கத்தைவிட அதிகம். கணிப்பு அப்படியே பலித்துவிட்டது! மேலதிகாரி அவள் மேசைக்கே வந்தார். "அடிச்சீங்க பாருங்கம்மா!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ டீ சொல்லியனுப்பினார்கள்.

டீ வருவதற்குள் தம்பியின் போன் வந்தது.

"நீ சொன்ன மாதிரியே கொட்டிருச்சுக்கா." குரலில் குத்தலே இல்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பாள். "அடுத்த வாரம் நாங்க அங்க வந்துடுறோம். உங்க தெருவுல வாடகைக்கு ஒரு ரூம் பார்த்து வைக்கிறியா?"

"பார்க்கிறேன்டா" என்றாள்.