தேதியக்கா கிழித்த தாள்கள்

எங்கள் விமான நிலையத்தில் தேதியக்காவைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சரி. கேன்டீனில் ரொட்டி பாக்கெட்டைக் கொடுத்தால், பசி அப்புறம், முதலில் தேதி. பக்கத்தில் யாராவது இருமினால் அவர்களுடைய மருந்து பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "தேதி பாத்தியா?" என்று கேட்காமல் அவருக்குப் பொழுது விடியாது. எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வரும்.

விமானிகள் புறப்படும் முன் தகவல் கேட்டு வருகிற அறை எங்களுடையது. ஒரு கவுன்டர், அதன் பின்னால் இரண்டு மேசை, ஓரமாக ஒரு பெஞ்சு. ஒரு மேசையில் வானிலை சொல்கிற நான். மழை வரும் என்றாலும் திட்டு, வராது என்றாலும் திட்டு. இன்னொரு மேசையில் புத்தகத்தோடு அக்கா.

புத்தகம் என்றால் தைத்த புத்தகம் இல்லை. வளையம் போட்ட பெரிய கோப்புகளில் தனித்தனித் தாள்கள். எந்த ஊர் ஓடுபாதை எவ்வளவு நீளம், பக்கத்தில் கோபுரம் ஏதும் நிற்கிறதா, எந்த அலைவரிசையில் பேச வேண்டும், எரிபொருள் கிடைக்குமா என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு தேதி. மாற்றம் வந்தால் புதுத் தாள்கள் கட்டாக வரும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். எடுத்த பழையதை நாலாகக் கிழித்துச் சாக்கில் போட வேண்டும். கிழிக்காமல் விட்டால் எவராவது அதை எடுத்துப் படித்துவிட்டு, இல்லாத ஓடுபாதையைத் தேடிக்கொண்டு போவார். அவசரச் சேதிகள் மட்டும் கணினியில் வரும். ஆனால் மாற்றம் நிரந்தரம் என்று ஆகிவிட்டால் அது தாளில் ஏறிவிடும், கணினிச் சேதி ரத்தாகிவிடும். அதற்குப் பிறகு எங்கள் அறையில் அந்த மாற்றத்துக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

அத்தானை, அதாவது அக்காவின் வீட்டுக்காரரை, எங்கள் எல்லோருக்கும் தெரியும். லிப்ட் பழுது பார்க்கிறவர். அக்காவின் வேலை முடிகிற நேரத்துக்கு ஸ்கூட்டரோடு வெளிவாசலில் வந்து நிற்பார். தலைக்கவசத்தைக் கழற்றவே மாட்டார். அதோடுதான் எங்களிடம் பேச்சு, சிரிப்பு எல்லாம். "வீட்டுலயும் என்னைத் திருப்பித் திருப்பித்தாம்மா பாக்குறா. எப்ப எடுத்துட்டு வேற போடப் போறாளோ!" என்பார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்வார்.

அந்த மனிதர் ஒரு நாள் காலையில் குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்து இறந்துபோனார்.

அக்கா அழவில்லை. அது ஒரு பெரிய குற்றம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கல்நெஞ்சம் என்றாள் அக்காவின் நாத்தனார். அழுதிருந்தால் பார்க்கிறவர்களுக்காக அழுகிறாள் என்று சொல்லியிருப்பாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் வந்துவிட்டேன்.

விடுப்பு முடிந்து அக்கா வேலைக்கு வந்தார். முடி படிய வாரியிருந்தது, புடவை மடிப்புக் கலையவில்லை. உப்பில்லாத சாப்பாட்டைக் கொடுத்தாலும் சாப்பிட்டார், ஆறிப்போன டீயைக் கொடுத்தாலும் குடித்தார். ரொட்டி பாக்கெட்டைப் பிரித்தார், தேதி பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் வெளிவாசலுக்குப் போய் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பஸ் நிறுத்தம் பக்கம் நடப்பார். கூட வரட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். உண்மையாகவே எதற்கென்று தெரியாதவர் கேட்கிற மாதிரி இருந்தது.

அவர் இல்லாதபோது புதுத் தாள் கட்டு ஒன்று வந்து மேசையில் காத்திருந்தது. அக்காவின் புத்தகத்தில் கை வைக்கிற தைரியம் யாருக்கு உண்டு? அது நடைமுறைக்கு வர இன்னும் நாள் இருந்ததால் அப்படியே விட்டுவைத்திருந்தோம். அவர் வந்ததும் வழக்கம்போல உட்கார்ந்து மாற்றினார். எடுத்தார், போட்டார், கிழித்தார். கை தன் பாட்டுக்கு ஓடியது. வேலையில் மனது தேறிவிடும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தாள்கள் நடைமுறைக்கு வந்த சில நாளில் மருந்துக்காரர் வந்தார். ஒற்றை என்ஜின் விமானத்தில் சின்ன ஊர்களுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோகிறவர். அவருக்கும் அக்காவுக்கும் வருஷக்கணக்காக ஒரே சண்டை. அவர் எல்லாவற்றையும் போனில் பார்த்துவிட்டு வருவார். அக்காவுக்கு அந்தப் போன் ஆகவே ஆகாது. "அதை யார் ஏத்துனா, எப்ப ஏத்துனா, தேதி இருக்கா?" என்று ஆரம்பித்தால் அவர் கையெடுத்துக் கும்பிடும் வரை விடமாட்டார். அன்று அவர் போக வேண்டியது, கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஆளும் இல்லாத ஒரு சிறிய ஓடுபாதைக்கு. அங்கே அவர் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

"அக்கா, போன்ல அந்த ஓடுபாதை குட்டையா காட்டுதே. முன்பாதியில பெருக்கல் குறி போட்டிருக்கு."

அக்கா கோப்பைத் திறந்து தாளைப் பார்த்தார். "முழு நீளமும் இருக்கு."

"அப்ப போன்தான் தப்பா?"

"புக்ல இருக்கறதுதான்."

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டார். "நீங்க சொன்னா சரிக்கா" என்று தாளின் நகலை வாங்கிக்கொண்டு போனார்.

அதுதான் எனக்கு உறுத்தியது. சண்டை போடாமல் போகிற ஆளா இவர்? "தேதி இருக்கா?" என்று கேட்காமல் விடுகிற ஆளா அக்கா? எழுந்துபோய் அந்தத் தாளின் மூலையைப் பார்த்தேன். பழைய தேதி. அடுத்த தாளும் பழைய தேதி. கட்டோடு வந்த கடிதம் பலகையில் குத்தியிருந்தது. அதில் இருந்த புதுத் தேதி கோப்பில் எங்குமே இல்லை. மூலையில் இருந்த சாக்கைத் தரையில் கவிழ்த்தேன். வெள்ளை வெளேரென்று, வாசம்கூடப் போகாத புதுத் தாள்கள் நாலு நாலு துண்டாக விழுந்தன. ஒரு தாள்கூடத் தவறாமல், முழுக் கட்டையும் தவறாகச் செய்திருந்தார்.

துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தேன். ஓடுபாதையின் முன்பாதி நிரந்தரமாக மூடல். தரை தோண்டப்பட்டிருக்கிறது.

வெளியே அந்த ஒற்றை என்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேசைப் போனைப் பிடுங்காத குறையாக எடுத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டேன். "அந்தச் சின்ன விமானத்தை நிறுத்துங்க! நாங்க கொடுத்த தகவல் தப்பு!"

"ஓடுபாதை முனையில நிக்குது. இருங்க." அந்த 'இருங்க'வுக்கு நடுவில் என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு, "நிறுத்தியாச்சு" என்றது குரல். துண்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நீங்க புதுசைக் கிழிச்சுப் போட்டிருக்கீங்க" என்றேன்.

"அப்படியா" என்றார் அக்கா.

மருந்துக்காரர் திரும்பி வந்தார். ஒட்டுப்போட்டு வைத்த தாளைக் குனிந்து படித்தார். "இன்னிக்கு என் போன் ஜெயிச்சிருச்சு" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்புறம் எங்கள் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதி விதிதான். விசாரணை முடிகிற வரை அக்கா கவுன்டரில் உட்காரக் கூடாது என்றார்.

"எப்படிம்மா இது? நீங்களா?"

"தெரியலை சார்."

அதிகாரியின் அலமாரியில் அதே கட்டின் இன்னொரு பிரதி இருந்தது. போவதற்கு முன் நானே மாற்றிவிடட்டுமா என்று அக்கா கேட்டார். நான் பக்கத்தில் இருந்து சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதிகாரி ஒப்புக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இந்த முறை ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் விரல் வைத்துத் தேதியை வாய்விட்டுப் படித்தார். நான் கடிதத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். பழையது வெளியே, புதியது உள்ளே. கடைசித் தாளும் ஏறியது. மேசையில் பழைய தாள்கள் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்த ஒன்றை எடுத்து, கிழிக்கப்போகிற மாதிரி இரண்டு கையிலும் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

"என்னக்கா?"

"புதுசுல எல்லாம் அவர் போனதுக்கு அப்புறத்து தேதி" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. "இதுல எல்லாம் அவர் இருந்தப்போ போட்ட தேதி."

அவர் கண்ணைப் பார்த்தேன். அப்போதும் ஈரமில்லை. தாளை என் பக்கம் தள்ளினார்.

"நீ கிழி."

சாக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு நான் கிழித்தேன். அக்கா கடைசித் தாள் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.