மீன் இல்லாத ஐந்து வாரம்

1. மெயின் சுவிட்ச்

மீன்தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. டெஸ்ட் கிட் குழாயில் கொஞ்சம் எடுத்து, நைட்ரைட் சொட்டு விட்டுக் குலுக்கினேன். வெளிர்நீலமாக நிற்க வேண்டியது நாவற்பழ நிறத்துக்கு ஏறியது. டெல்லி மயூர் விஹாரில் ஒரு புது ஃபிளாட். மறுநாள் காலை கிருகப்பிரவேசம்.

அப்போது நான் ஒரு மீன் கடைக்காக பிளான்டட் டேங்க், அதாவது உயிருள்ள செடிகள் நட்ட மீன்தொட்டி, அமைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொழிலுக்குப் புதியவர்களுக்குச் சொல்கிறேன். மீனின் கழிவு அமோனியாவாகும். அது விஷம். ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷம். இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும், செடி அதைத் தின்னும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம் ஃபில்டர் ஸ்பான்ஜில் குடியேறும்வரை, மீன் விடாமல், நாமே அமோனியா ஊற்றி வளர்க்க வேண்டும். இதுதான் சைக்ளிங். ஐந்து வாரம் போதும் என்று சொல்லியிருந்தேன்.

வீட்டுக்காரர் வெங்கடேசன் சார், மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாஸ்துப்படி எட்டு தங்கமீன், ஒரு கறுப்பு, தை முதல் முகூர்த்தத்தில் நீந்த வேண்டும். தங்கமீன் செடியைப் பிடுங்கும் என்று சொல்லி ஏற்கெனவே தோற்றிருந்தேன். கடை என்னை வேறு வேலைக்கு அனுப்பியதால், அவரே ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய வீட்டிலிருந்து வந்து, நான் சொன்ன அளவில் அமோனியா ஊற்றினார். ஒரு சொட்டும் பிசகவில்லை.

பிறகும் நைட்ரைட் ஏன் இறங்கவில்லை என்று புரியாமல், ஒவ்வொரு முறையும் இங்கிருந்து கிளம்பும்போது என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"மெயினை அணைச்சுட்டுத்தான் போவேன். ஆள் இல்லாத வீட்டுல ஷார்ட் சர்க்யூட் ஆனா? மீனே இல்லாத தொட்டிக்கு ஹீட்டர் எதுக்குப்பா?"

அறையை விட்டு வெளியேறினால் விளக்கை அணைக்கும் சர்க்கார் பழக்கம். ஃபில்டர் நின்றது, ஹீட்டர் நின்றது. டெல்லியின் மார்கழிக் குளிரில், ஓடாத தண்ணீரில், என் பாக்டீரியாக் கூட்டம் மூச்சுத் திணறிச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது. பிழை என்னுடையது. அணைக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை.

2. ஒன்பது மீன்கள்

கடை முதலாளியை போனில் பிடித்தேன். தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது, போட்டுவிடு, செத்தால் வேறு தருவோம் என்றார். மறுநாள் காலை ஒன்பதையும் ஆக்ஸிஜன் அடைத்த பையில் கட்டி என் கையிலேயே கொடுத்தனுப்பினார். என் வேலை அந்தப் பைக்குள் இருந்தது. ஒன்பது உயிர்களும்தான்.

ஹால் முழுக்க ஹோமப் புகை, சொந்தக்காரர்கள். சார் பட்டுவேட்டியில் வந்து நின்றார்.

"நாழியாறது, ஜல்தி போடுப்பா."

"போட மாட்டேன் சார்."

"உன் ஓனரே போடச் சொல்றார்."

"அவர் வந்து போடட்டும்."

"காலித் தொட்டிக்கா ஆரத்தி எடுக்கறது? இல்ல, பாக்டீரியாவுக்குப் பாயசம் வைக்கட்டுமா?"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"காலி இல்ல சார். உங்களுக்கு முன்னாடியே இங்க குடிவந்தது அதுங்கதான். மெயினை அணைச்சு அணைச்சு நீங்கதான் கொன்னீங்க. சொல்லாதது என் தப்பு. அதுக்கு இந்த ஒன்பதும் சாகணுமா?"

அவர் கை பைக்கு நீண்டது. நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் வீட்டில் இப்படி நிற்கக் கூடாதுதான். நின்றேன்.

பின்னால் இருந்து அவர் மனைவி சொன்னார். "நல்ல நாளும் அதுவுமா ஒண்ணு செத்து மிதந்தா நன்னாருக்குமா? விடுங்கோ. செடிக்கே ஆரத்தி எடுத்துடறேன்."

எடுத்தார். விளக்கொளியில் அசைந்த பச்சை இலைகளுக்கு முன்னால் தட்டு மூன்று சுற்று சுற்றியது. யாரும் சிரிக்கவில்லை.

பையைக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போனேன். ஒன்பதும் உயிரோடு இருந்தன. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. அச்சா என்றேன்.

இப்போது தனியாக வேலை செய்கிறேன். சுவிட்சின் மேல் டேப் ஒட்டிய பிறகுதான் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவேன். இரண்டு பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு இரண்டு பங்கு, அமோனியா ஊற்றி, ஒரு நாள் கழித்து அமோனியாக் குழாய் மஞ்சளாகவும் நைட்ரைட் குழாய் நீலமாகவும் நிற்காமல் மீன் கிடையாது. யார் வீட்டு விசேஷமானாலும் கிடையாது.

உங்களிடமும் ஒருநாள் ஒரு பையைக் கொடுத்து, போடு என்பார்கள். மறுத்தால் வெளியே போ என்பார்கள். போய்விடுங்கள். பையை அவிழ்க்காமல் போங்கள்.