முட்டிவலி என்று சொல்லிவைத்தேன்

சபையாரே, பெண்கள் பக்கம் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை மாதம் மறைத்ததை இன்று சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஜூலையில் எனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. நோய் போனது. ஆனால் டியூபை எடுத்த நாளிலிருந்து சிறுநீர் என் பேச்சைக் கேட்கவில்லை. தும்மினால் கசியும், சிரித்தால் கசியும். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை எடை போடுகிறவன் நான். மூட்டையில் கை வைத்தாலே நனைந்துவிடும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். வெள்ளை வேட்டியை விட்டுக் கறுப்பு பேண்ட் போட்டேன். சிரிப்பதையே நிறுத்திவிட்டேன்.

பாயில் உட்கார்ந்து எழுந்தால் ஈரம் தெரியுமே என்று ஆராதனையில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டேன். போதகர் ஐயா என்னவென்று கேட்டார். முட்டிவலி என்றேன். அன்று முதல் நீங்கள் எல்லோரும் என் முட்டிக்காக ஜெபித்தீர்கள். அனந்தபுரத்து அக்கா தைலம்கூடக் கொடுத்தார்.

சிங்கவரம் தேவராஜ் அண்ணனுக்கு எனக்கு முன்பே அதே ஆபரேஷன் நடந்தது. அவரோ மூன்றே மாதத்தில் தேறி, வெள்ளை வேட்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, அவருக்கும் ஒரு தடவை நனையட்டும் ஆண்டவரே என்றே கேட்டேன். வெட்கக்கேடு. ஆனாலும் கேட்டேன்.

மார்ச்சில் பேத்தி பிறந்தாள். பிள்ளையைச் சபையில் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை அன்று குழந்தையை நான்தான் மடியில் வைத்திருக்க வேண்டும் என்றாள் மகள். வரமாட்டேன் என்றேன். அவள் அழுதுவிட்டாள். காரணம் தெரிந்தவள் என் மனைவி மட்டும்தான்.

"முட்டிக்குன்னு கேட்டா முட்டிக்குத்தான்யா கெடைக்கும்" என்றாள்.

அன்று முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கசிவையும் சொன்னேன், பொறாமையையும் சொன்னேன். மறுநாள் காலையில் என் கால்கள் சிங்கவரத்துக்குப் போயின. ஆண்டவர்தான் போகச் சொன்னார் என்று நம்புகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தேவராஜ் அண்ணன் சொன்னார்:

"எப்பிடி இருக்குதுன்னு கேக்க நாலு தடவ உன் கிட்ட வந்தேம்பா. நீதான் மூஞ்சத் திருப்பிக்கினு போயிட்ட."

அவரே விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய், தான் பார்த்த பிசியோதெரபி அம்மாவிடம் காட்டினார். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி. தண்ணீரைக் குறைத்ததே தப்பு என்றார் அந்த அம்மா. தினமும் ஜெபித்தேன், தினமும் பயிற்சி செய்தேன். மூன்றாம் மாதம் துணி காய்ந்தே இருந்தது.

கனமான மூட்டை தூக்கினால் இன்னும் ஒரு சொட்டு வரும். மறைக்கவில்லை. உங்களில் யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தால், உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு வெட்கப்படாமல் என்னிடம் வாருங்கள், நான் கூட்டிப்போகிறேன்.

போன ஞாயிறு பிரதிஷ்டையில் பேத்தியை மடியில் வாங்கினேன். வெள்ளை வேட்டி நனைந்தது உண்மைதான். அது அவள் வேலை. தேவராஜ் அண்ணனோடு சேர்ந்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்தோத்திரம்.