அப்பா பக்கத்துச் சித்தி

ஆசிரியையின் குரல்பதிவு காலையிலேயே வந்துவிட்டது. பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த ஆண்டில், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு அவர் நாள்தோறும் இப்படித்தான் பேசி அனுப்புவார். பின்னணியில் அவர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். அன்றைக்கு மூன்று வேலைகள் சொல்லியிருந்தார். வீட்டிலிருக்கும் பயறு ஏதாவதொன்றைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ண வேண்டும். காலையிலும் உச்சிப்பொழுதிலும் தன் நிழலை அளந்து பார்க்க வேண்டும். உறவு மரம் ஒன்று வரைந்து, யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறோம் என்று எழுத வேண்டும். "பெரியவங்க எழுதிக் குடுத்துடாதீங்க, பிள்ளைங்களே எழுதட்டும்" என்று முடித்திருந்தார்.

நான் அந்தக் குழுவில் இருந்தது என் அக்காவின் மகளுக்காக. அக்கா முந்தைய ஆண்டு மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். காரியம் முடிந்த கையோடு குழந்தையைத் திருப்பரங்குன்றத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, பக்கத்துப் பள்ளியில் சேர்த்தோம். நான் அப்போது முதுகலைத் தமிழிலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன்; என் வகுப்புகளும் கைபேசி வழியாகவே நடந்தன. எங்கள் இருவருக்கும் ஒரே கைபேசி. காலையில் அவளுக்கு, பிற்பகலில் எனக்கு.

அன்று மாலை அவளுடைய அப்பா வந்து அவளைப் பேரையூருக்கு அழைத்துப் போக இருந்தார். பள்ளிகள் திறக்கப் போகின்றன என்ற செய்தி வந்ததுமே மச்சான் போனில் சொல்லிவிட்டார்: "இங்கனயே சேத்துர்றேன். எம்பிள்ளை எங்கிட்டயே இருக்கட்டும்." அதை மறுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. கடந்த முகூர்த்தத்தில் அவர் தம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருந்தார். குழந்தையை அந்தத் திருமணத்துக்கு நாங்கள் அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை. அவளிடம் இதை யார் சொல்வது என்ற பொறுப்பு எங்கள் வீட்டுக்குள் கைமாறிக்கொண்டே இருந்தது. அப்பா அம்மாவிடம் விட்டார், அம்மா என்னிடம் விட்டாள். அன்று காலை வரை நான் சொல்லியிருக்கவில்லை.

அம்மா ஒரு கிண்ணத்தில் தட்டப்பயறு அளந்து கொடுத்தாள். குழந்தை தரையில் சம்மணமிட்டு, பத்துப் பயறு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டு வரிசையாக வீடு கட்டினாள். கடைசி வீட்டில் எண்ணிக்கை குறைந்தது.

"இந்த வீட்டுல ஒம்பது பேருதான் சித்தி இருக்காங்க."

"இன்னொருத்தர் எங்க?"

"ஊருக்குப் போயிருக்காரு. வருவாரு."

அந்தப் பயறு அவள் முழங்காலுக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் காட்டினேன். "பஸ்ஸ விட்டுட்டு இங்கனயே நின்னுக்கிட்டு இருந்திருக்காரு பாரு" என்று அதை அதட்டி வீட்டுக்குள் வைத்தாள்.

மாடியில் நிழலை அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் தையல் நாடாவைக் குழந்தையின் காலடியில் பிடித்திருந்தேன்.

"என்ன, நெழலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"ஆமா அத்தை. ஒங்களுக்குத்தான் தைக்க முடியாது. ஒங்க நெழலுக்குத் துணி பத்தாது" என்றாள் குழந்தை.

"வாயப் பாரு. எம்புட்டு வாய்" என்று அவர் சிரித்தார். அவள் சுவரோரம் ஓடியதும் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குத்தானே வாராரு? பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?"

இல்லையென்று தலையசைத்தேன். அவர் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த துணியை உதறினார்.

உறவு மரத்தை முற்பகலில் தொடங்கினோம். கிளை விரிந்த மரம் வரையத் தெரியாததால் அவள் தென்னை மரம் வரைந்தாள்.

"தென்னைக்குக் கிளையே இல்லையே, எல்லாரையும் எங்க எழுதுவ?"

"மட்டையில ஒக்காந்துக்கிருவாங்க."

ஒவ்வொரு மட்டையின் நுனியிலும் ஒரு பெயரை எழுதினாள். என் பெற்றோருக்குத் தாத்தா, அம்மாச்சி. அப்பாவைப் பெற்றவருக்கு அப்பத்தா. அம்மா என்ற சொல்லை மரத்துக்கு வெளியே, தாளின் மேல் விளிம்பில், மேகம் ஒன்று போட்டு அதற்குள் எழுதினாள். அதை மட்டும் என்னிடம் எழுத்துக் கேட்காமல் எழுதினாள். பிறகு 'அப்பா' என்று எழுதி, அதை ஒட்டி அடுத்த மட்டையில் 'சித்தி' என்று எழுதினாள்.

நான் திருத்த முற்பட்டேன். என் இயல்பு அது. ஒரு சொல் தனக்குரிய இடத்தில் இல்லாவிட்டால் கண்ணை உறுத்தும்.

"சித்தி அம்மா பக்கம்தான வரணும்? நான் அம்மாவோட தங்கச்சி."

"அது முன்னாடி. இப்ப நீ அப்பா பக்கம்" என்றாள், தேங்காய்க்கு வண்ணம் தீட்டிக்கொண்டே.

"அப்பா பக்கமா?"

"நீயும் பேரையூருக்கு வாரேல்ல. அப்பா போன்ல சொன்னாரு. இங்கன சித்தி இருப்பாங்க, ஒன்னைய குளிப்பாட்டி, தலசீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்கன்னு. நீதான் எங்கிட்ட சொல்லவே இல்ல, கள்ளி."

மச்சான் என்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவ' என்பார். 'ஒங்க சித்தி என்ன பண்றா' என்றுதான் அவளிடம் கேட்பார். வயதில் இளைய கொழுந்தியாளுக்கு எந்த ஆணும் எங்கள் பக்கம் மரியாதைப் பன்மை தருவதில்லை. 'இருப்பாங்க', 'அனுப்புவாங்க' என்ற விகுதிகள் வேறொருத்திக்கு உரியவை. அவர் தம் புது மனைவியைச் சொல்லியிருக்கிறார். தமிழில் அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்திதான், அம்மாவின் தங்கையும் சித்திதான். ஏழு வயதுக் குழந்தைக்கு உலகத்தில் சித்தி என்று இருந்தவள் ஒருத்தி மட்டுமே. ஊருக்குப் போவதென்றால் அழுவாள் என்று நாங்கள் பயந்திருக்க, அவள் ஒரு வாரமாக ஏன் அவ்வளவு குதூகலமாக இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவள் எழுந்துபோய்த் தன் பையைத் திறந்து காட்டினாள். பாவாடைகளுக்கு மேலே என் சீப்பு, என் கண்ணாடிக்கூடு, தேர்வுக்காக நான் கோடிட்டுப் படித்துக்கொண்டிருந்த இலக்கணநூல்.

"எடுத்து வச்சிட்டேன். நீ மறந்துருவ."

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று பெரியப்பா ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் வைத்தே பேச்சைத் தொடங்கினார். "சின்னவளையே குடுத்துருவோம். பிள்ளைக்கு வேத்து மனுசி எதுக்கு?" நான் முடியாது என்றேன். மச்சான்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. அக்காவின் இடத்தில் உட்கார என்னால் இயலாது என்பதைத் தவிர எனக்குக் காரணமும் இல்லை. மச்சான் தலை நிமிராமல், "அந்தப் பிள்ளைய விடுங்க, அது படிக்கட்டும்" என்றார். இன்று கேட்டாலும் என் பதில் அதுவாகவே இருக்கும். ஆனால் நான் மறுத்த அந்த ஏற்பாட்டை, யாரும் சொல்லாமலே, இந்தக் குழந்தை தன் மனத்துக்குள் நடத்தி முடித்து, எனக்குப் பையும் கட்டி வைத்திருந்தாள்.

அம்மா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"சொல்லிரு. பஸ் ஏறுன பெறகு தெரிஞ்சா அதவிடப் பாவம்" என்றாள்.

பாடம் நடத்துவதுபோலச் சொன்னால் எளிதாக இருக்கும் என்று எண்ணினேன். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"சித்தின்னா ரெண்டு பேரச் சொல்லலாம். அம்மாவோட தங்கச்சி ஒண்ணு. அப்பா ரெண்டாவதா கல்யாணம் பண்ணிக்கிட்டா, அவங்களும் சித்திதான்."

"அப்பா கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

"ம்."

"எப்ப?"

"போன வாரம்."

"எனக்குப் புதுச்சட்டை எடுக்கவே இல்ல" என்றாள்.

பிறகு தாளில் அப்பாவுக்கு அடுத்த மட்டையின்மீது விரலை வைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

"அப்ப அங்க இருக்கது நீ இல்லயா?"

"இல்லடா."

"நீ ஏன் அந்தச் சித்தியா இல்ல?"

பல தேர்வுகளில் பல வினாக்களுக்கு நான் விடை எழுதியிருக்கிறேன். அதற்கு என்னிடம் இருந்தது ஒரே விடை; அது ஒரு குழந்தைக்குச் சொல்லக்கூடியதாக இல்லை. "நான் ஒங்கம்மாவோட தங்கச்சி. அம்புட்டுதான்" என்றேன். அவள் அதை ஒப்புக்கொண்டவளைப்போலத் தலையாட்டினாள். பையிலிருந்து என் சீப்பை எடுத்தாள், கண்ணாடிக்கூட்டை எடுத்தாள், நூலை இரண்டு கையாலும் எடுத்தாள். மூன்றையும் என் மேசைமீது, முன்பு இருந்த இடத்திலேயே, வரிசை மாறாமல் வைத்தாள்.

உச்சிப்பொழுது நிழலை அளக்க நாங்கள் மாடிக்குப் போகவில்லை.

மச்சான் வெயில் தாழ வந்தார். தனியாகத்தான் வந்தார், புதுச் சட்டையில் மடிப்புக் கலையாத கோடுகள் இருந்தன. அம்மா காபி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "கெளம்பிட்டியாத்தா?" என்று மகளைக் கேட்டார். அவள் பையை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, அந்தச் சித்தி நல்லவங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லவகதாத்தா. ஒனக்குன்னு நேத்தே அதிரசம் சுட்டு வச்சிருக்காக" என்றார். அவர் நல்ல மனிதர். அவருக்கும் அன்று கடினமாகத்தான் இருந்திருக்கும்.

பேருந்து நிறுத்தம்வரை நான் உடன் நடந்தேன். திருமங்கலம் வழியாகப் போகும் பேருந்துக்காக ரயில்வே கேட் பக்கம் கூட்டம் நின்றது. எப்போதும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருபவள், முறுக்குக்கடையையும் பூக்கடையையும் பேச்சில்லாமல் கடந்தாள். என் சுட்டுவிரலைப் பிடித்திருந்தாள், அதில் மாற்றமில்லை. ஆனால் வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் அவள் என்னை எந்த முறை சொல்லியும் அழைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். தண்ணீர் வேண்டுமென்றபோதுகூடப் புட்டியைக் காட்டினாள்.

பேருந்து வந்தது. மச்சான் அவளைத் தூக்கி ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். "சித்திக்கு டாட்டா சொல்லுத்தா" என்றார் மச்சான்.

அவள் அவர் பக்கம் திரும்பி, "எந்தச் சித்திக்கு?" என்று கேட்டாள்.

அதில் குறும்போ கோபமோ இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்பது வண்டியின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. நான் கையை உயர்த்தியிருந்தேன். பேருந்து வளைவில் திரும்பும்வரை உயர்த்தியபடியே இருந்தேன்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிறாள். மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வகுத்தல் கணக்கு வருகிறது என்கிறாள். என்னை 'மதுரைச் சித்தி' என்று அழைக்கிறாள். எங்கள் பக்கம் அது வழக்கந்தான். ஒரே முறையில் இருவர் இருந்தால் ஊரைச் சேர்த்துச் சொல்வார்கள். தொலைவில் இருப்பவருக்கே அந்த அடைமொழி போகும். உடன் இருப்பவரை வெறும் முறை சொல்லி அழைத்தால் போதும். அந்த இலக்கணத்தில் பிழையில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது, பேச்சின் நடுவே அவள் "சித்தி" என்று கூப்பிட்டாள். அடைமொழி இல்லாத வெறும் சொல். பழைய குரல், பழைய இழுவை.

"சொல்லுடா" என்றேன்.

"சித்தி, அடுப்புல பால் பொங்குது" என்றாள் அவள். குரல் கைபேசியை விட்டு விலகி, வீட்டுக்குள் எங்கோ திரும்பியிருந்தது.

"இந்தா வாரேன் தங்கம்" என்று உள்ளிருந்து ஒரு பெண்குரல் சொன்னது. இதமான குரல். ஓடிவரும் கொலுசுச் சத்தமும் கேட்டது.