வால் அறுந்த வெள்ளெலி

வளைகுடாவில், முவைலா என்ற இடத்தில் ஒரு லேபர் கேம்ப். பின்சுவரைத் தாண்டினால் மணல்தான். அங்கே எலி பிடிப்பது என் டியூட்டி. விதி இரண்டே வரி: வீட்டு எலி என்றால் கொல்ல வேண்டும், பாலைவன எலி என்றால் மணலில் விட வேண்டும். எழுதியவருக்கு என்ன, எழுதிவிட்டார். கூண்டுக்குள் இருப்பது எது என்று சொல்ல வேண்டியவன் நானல்லவா!

அன்று காலை சமையலறைக்குப் பின்னால் வைத்த கூண்டில் ஒன்று சிக்கியிருந்தது. மணல் நிற முதுகு, பெரிய கண், வெள்ளை வயிறு. பார்த்ததுமே வெள்ளெலி என்று தோன்றியது. எங்கள் ஊர்க் கரிசல் காட்டில் வளை தோண்டி வாழ்கிற அதே சாதி. கொல்ல வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, என் இந்தி அரைகுறை. வெள்ளெலியைப் பிய்த்து இந்தியாக்கினேன்.

"பாய், சஃபேத் சூஹா."

வெள்ளை எலி என்றால் அவருக்குக் கடையில் விற்கிற வளர்ப்பு எலி. யாருடையது என்று விசாரித்துக் கொடுத்துவிடச் சொன்னார். போட்டோ அனுப்பினேன். இதில் வெள்ளை எங்கே என்று கத்தினார். பிறகு ஒரே கேள்வி: வால் நுனியில் முடி இருக்கிறதா? இருந்தால் பாலைவன எலியாம். குனிந்து பார்த்தேன். வாலே பாதிதான் இருந்தது.

கேம்ப் சமையல்காரர் எட்டிப் பார்த்தார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "எலின்னா எலிதாங்க. அடிச்சுப் போட்டுட்டு டீ குடிக்க வாங்க."

ஓர் உயிர் என் ஒரு சொல்லில் நிற்கிறது, அந்தச் சொல் சரியா என்று எனக்கே தெரியவில்லை. வயிறு வெளுத்த வீட்டு எலியும் உண்டே? இருந்தாலும் கொல்ல மனம் வரவில்லை. பாலைவன எலிதான் என்று போனில் அடித்துச் சொல்லிவிட்டு, மணலுக்குக் கொண்டுபோய்க் கூண்டைத் திறந்தேன்.

அது மணல் பக்கம் திரும்பவே இல்லை. என் காலைச் சுற்றிக்கொண்டு ஓடி, சமையலறைச் சுவர் ஓட்டைக்குள் புகுந்தது. பயத்தில் திசை தப்பியதா, தன் வீட்டுக்குத்தான் போனதா?

மறுநாள் சமையலறையில் எலி என்று சமையல்காரர் புகார் கொடுத்தார். ஓட்டையருகில் எலி மருந்து வைக்கும்படி எனக்கே மெசேஜ் வந்தது. வைத்தேன். இரண்டு நாளில் மருந்து குறைந்திருந்தது. ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுத வேண்டும். சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"சூஹா லிக்கோ, கலாஸ்."

எலி என்று எழுது, அவ்வளவுதான் என்கிறார். சூஹா என்றே எழுதினேன். வெள்ளெலிக்கா விஷம் வைத்தேன் என்று கேட்க எனக்கு இந்தி போதவில்லை.